எங்கே நின்றார், ஏன் நின்றார்? செட்டிநாட்டு வீட்டை வி.ஆரில் கட்டி, மனிதர் நெருங்குவதையும் ஒதுங்குவதையும் அளக்கும் முறை

செட்டிநாட்டில் ஒரு பழைய வீட்டுக்கு வருகிறவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை வைத்தே அவருக்கும் அந்த வீட்டுக்கும் என்ன உறவு என்று பாதி சொல்லிவிடலாம். தயிர் விற்கிறவர் தெருவில் நின்றே குரல் கொடுப்பார். கணக்கு வழக்குப் பேச வந்தவர் முகப்புத் திண்ணையில் உட்காருவார். சம்பந்தி வீட்டார் நேராக வளவுக்குள், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதிக்குள், வருவார்கள். கட்டிக்கொடுத்த மகள் யாரையும் கேட்காமல் இரண்டாம் கட்டைத் தாண்டி அடுப்படியில் போய்த்தான் நிற்பாள். ‘இங்கே நில்லுங்கள்’ என்று யாரும் சொல்வதில்லை. கால் தானாக நின்றுவிடுகிறது.

அந்தக் கால் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதை வி.ஆரில், அதாவது கண்ணை மூடி மாட்டும் ஹெட்செட்டுக்குள் தெரியும் மெய்நிகர் உலகில், அளப்பதற்கான வழிகாட்டி இது. உளவியலில் இதை நெருங்கல், விலகல் என்று பிரித்துப் பேசுவார்கள். ஒரே ஆளுக்கு, ஒரே பொருள் மீதே இந்த இரண்டு இழுப்பும் இருக்க முடியும் என்று 1930களில் கர்ட் லெவின் பேசினார். 1944-இல் நீல் மில்லர் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். இலக்கை நெருங்க நெருங்க இரண்டு இழுப்பும் கூடும், ஆனால் விலகும் இழுப்பு செங்குத்தாக ஏறும் என்றார். தெருமுனையில் தைரியமாகக் கிளம்பியவர் வாசற்படியில் வந்து தயங்குவது இதனால்தான்.

1965-இல் மைக்கேல் ஆர்கைலும் ஜேனட் டீனும் பார்வையும் தூரமும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்றார்கள். எதிரில் இருப்பவர் உற்றுப் பார்த்தால் நாம் ஒரு எட்டுப் பின்வாங்குவோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கிட்டே போவோம். அடுத்த ஆண்டு மானிடவியலாளர் எட்வர்டு ஹால் அமெரிக்கர்களைக் கவனித்துத் தூரத்தை நான்காக வகுத்தார். 45 செ.மீ. வரை மிக நெருங்கியவர்களுக்கு, 1.2 மீட்டர் வரை பழகியவர்களுக்கு, 3.6 மீட்டர் வரை அலுவல் பேச, அதற்கு மேல் பொது இடம். இந்த எண்களை அப்படியே காரைக்குடிக்குக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். 42 நாடுகளில் 8,943 பேரிடம் கேட்டு 2017-இல் வெளியான ஆய்வில் நாட்டுக்கு நாடு தூரம் மாறியது.

அப்போதெல்லாம் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒருவரை நிற்க வைத்து, இன்னொருவரை நடக்கச் சொல்லி, டேப்பால் அளந்தார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. நிற்கிற உதவியாளர் காலையில் சிரித்த முகத்தோடு இருப்பார், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அப்படி இருக்க மாட்டார். வி.ஆரில் நிற்கும் அவதாருக்கு, அதாவது கணினியில் செய்த மனித உருவத்துக்கு, அலுப்பே கிடையாது. நாற்பதாவது ஆளையும் முதல் ஆளைப் பார்த்த அதே பார்வையோடு பார்க்கும். நடப்பவரின் தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை ஹெட்செட் ஒரு நொடியில் பல பத்து முறை குறித்துக்கொண்டே இருக்கும்.

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் பட்டாலையை (பெரிய கூடத்தை) வாடகைக்கு எடுத்து இதைச் செய்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். புத்தகத்தில் இருக்கும் தவறுகளை நீங்களே தவிர்த்துக்கொள்வீர்கள்; புத்தகத்தில் இல்லாதவற்றுக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

இந்தத் துறையின் பெரும்பாலான கட்டுரைகள் ‘தள்ளி நின்றால் பதற்றம், கிட்டே போனால் பதற்றம் இல்லை’ என்ற கணக்கில் ஓடுகின்றன. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. சமூகப் பதற்றம் அதிகமுள்ளவர்கள் மெய்நிகர் மனிதர்களிடமிருந்தும் தள்ளியே நிற்கிறார்கள் என்று வி.ஆர். ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நம் ஊரில் அந்தக் கணக்கு பாதிதான் பொருந்தும். எண்பது வயது ஐயா ஒருவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு முன்னால் ஒரு பையன் ஆறடி தள்ளி நிற்கிறான் என்றால் அது பயமா, மரியாதையா? டேப்பில் இரண்டும் ஒரே எண். ஆகவே ‘எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்’ என்ற கேள்வி போதாது. ‘எப்படி வந்து நின்றார்’ என்றும் கேட்க வேண்டும். நான் வைத்துக்கொண்ட ஊகம் இது: மரியாதையால் தள்ளி நிற்பவர் தயங்காமல் கிளம்புவார், நேர்கோட்டில் வருவார், எதிராளியை நோக்கியே வந்து ஓர் இடத்தில் சட்டென நிற்பார். ‘வாங்க’ என்று கூப்பிட்டுவிட்டால் இன்னும் கிட்டே வருவார். பயத்தால் தள்ளி நிற்பவர் கிளம்பவே நேரம் எடுப்பார், கடைசி ஒரு மீட்டரில் வேகம் குறையும், பாதை வளையும், முகம் வேறு பக்கம் போகும். கூப்பிட்டாலும் பெரிதாக மாற மாட்டார். இது ஊகம்தான். உங்கள் தரவு இதைத் தூக்கிப் போட்டாலும் போடட்டும். ஆனால் தரவு எடுப்பதற்கு முன்பே இதை எழுதி, தேதி போட்டு, இணையத்தில் பொதுவில் பதிவு செய்துவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு ஊகத்தை வளைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது.

இரண்டாம் படி: அனுமதி

மனிதர்களை வைத்து செய்யும் ஆய்வு என்பதால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளைத்தான் பல குழுக்கள் பின்பற்றுகின்றன. ஒப்புதல் படிவம் பேச்சுக்கு நெருங்கிய தமிழில் இருக்கட்டும்; எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். ‘எந்த நிமிடத்திலும் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டோம்’ என்பதை இரண்டு முறை சொல்லுங்கள். நம் ஊரில் ஒரு முறை ‘சரி’ என்று சொல்லிவிட்டவர், தலை சுற்றினாலும் மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்வார்.

வலிப்பு, கடுமையான ஒற்றைத் தலைவலி உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பெயரை அழித்துவிட்டால் தரவு அடையாளமற்றதாகிவிடும் என்று நினைக்கிறோம். 2020-இல் வந்த ஒரு ஆய்வில், 511 பேரின் வி.ஆர். அசைவுத் தரவை மட்டும் வைத்து, ஐந்து நிமிடத்துக்கும் குறைவான பதிவிலிருந்தே 95 சதவீதம் சரியாக ஆளைக் கண்டுபிடித்தார்கள். நடை, உயரம், தலையசைவு எல்லாம் கைரேகை மாதிரி. ஆகவே மூல அசைவுக் கோப்பைப் பூட்டிவைத்துவிட்டு, அதிலிருந்து கணக்கிட்ட தூரம், வேகம் போன்றவற்றை மட்டும் வெளியில் பகிருங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதில் அலட்சியம் ஆகாது.

மூன்றாம் படி: அறையும் கருவியும்

ஆள் உண்மையாகவே நடக்க வேண்டும். கன்ட்ரோலர் குச்சியைத் தள்ளி நகர்ந்தால் கண்ணுக்கு ஓட்டம், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு நிலை என்று முரண்பட்டுத் தலை சுற்றும். தவிர, விரலால் தள்ளும் தூரமும் காலால் நடக்கும் தூரமும் ஒன்றல்ல. குறைந்தது 4 மீட்டருக்கு 4 மீட்டர் காலியிடம் தேடுங்கள். செட்டிநாட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கல்யாணம் நடந்த பட்டாலைகள் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கின்றன.

ஆனால் அந்த அழகான அறைகள்தான் ஹெட்செட்டுக்குப் பகை. கம்பியில்லாத ஹெட்செட்கள் தம் முகப்பிலுள்ள கேமராக்களால் அறையைப் பார்த்துத்தான் தாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கின்றன. எதிரும் புதிருமாக மாட்டியிருக்கும் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி அதைக் குழப்பும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பளபளச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் இருக்காது. ஆத்தங்குடிக் கல்லின் ஒரே பூ திரும்பத் திரும்ப வரும்போது எந்தப் பூ எது என்று தெரியாமல் தடுமாறலாம். கண்ணாடியை வேட்டியால் மூடுங்கள். வெற்றுச் சுவரில் பழைய நாட்காட்டிகளை ஒழுங்கில்லாமல் தொங்கவிடுங்கள். தரையில் மங்கலான ஜமுக்காளம் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள், இல்லையென்றால் கால் தடுக்கும். வெளிச்சம் பகலிலும் மாலையிலும் ஒரே அளவில் இருக்கட்டும்.

வெயிலைப் பற்றி என் செலவில் ஒரு பாடம். முதல் வாரத்தில் ஹெட்செட்டை வளவு முற்றத்தின் ஓரத்தில், லென்ஸ் மேலே பார்க்கும்படி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் முற்றத்து வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்து திரையில் மஞ்சள் புள்ளி விழுந்துவிட்டது. அது சரியாகாது. பயன்படுத்தாத நேரத்தில் லென்ஸைத் துணியால் மூடிவையுங்கள்.

எந்த ஹெட்செட்? தூரம், வேகம், தலை திரும்பும் கோணம் மட்டும் போதுமென்றால் மெட்டா குவெஸ்ட் 2 அல்லது 3 தாராளம். கண் எங்கே பார்க்கிறது என்று அளக்க வேண்டுமானால் அதில் முடியாது. கண் டிராக்கிங் உள்ள குவெஸ்ட் புரோ, வைவ் புரோ ஐ போன்றவை தேவை. குவெஸ்ட் 2, 3-இன் பேட்டரி இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மின்வெட்டு நேரத்தை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொருவருக்கும் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து லென்ஸைச் சரிசெய்ய வேண்டும். பெரியவர்களுக்குச் சராசரி 63 மி.மீ. பக்கம் இருக்கும். இதைச் சரியாக வைக்காவிட்டால் படம் மங்கும், தலை வலிக்கும், தூரம் பற்றிய கணிப்பும் கெடும்.

நான்காம் படி: வீட்டைக் கட்டுங்கள்

வி.ஆர். காட்சிகளைக் கட்டும் மென்பொருள் யூனிட்டி, அன்ரியல் எதுவானாலும் சரி. யூனிட்டியில் உளவியல் சோதனைகளுக்கென்றே எழுதப்பட்ட யூ.எக்ஸ்.எஃப். என்ற இலவசச் சட்டகம் இருக்கிறது. முயற்சிகளை வரிசைப்படுத்தி, தலை அசைவைக் கோப்பாக எழுதும் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

வீட்டின் அளவுகளை நேரில் போய் டேப் வைத்து எடுங்கள். தேக்குத் தூணின் சுற்றளவு, திண்ணையின் உயரம், நிலைப்படி எல்லாம் ஒரு செ.மீ. பிசகாமல் வரட்டும். ஹெட்செட்டுக்குள் தூரம் இயல்பாகவே குறைவாகத் தெரியும் என்பது பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட விஷயம். அளவு தெரிந்த பொருள்கள் சுற்றி இருந்தால் கொஞ்சம் உதவும். இருந்தாலும் சோதித்துவிடுங்கள்: மெய்நிகர் தரையில் 2 மீட்டரிலும் 3 மீட்டரிலும் ஒரு குடத்தைக் காட்டி, திரையைக் கறுப்பாக்கி, ‘குடம் இருந்த இடம் வரை நடங்கள்’ என்று சொல்லுங்கள். எவ்வளவு குறைவாக நடக்கிறார் என்பது அவருடைய திருத்த எண்.

உள்ளே எவ்வளவு நகாசு வேண்டும்? நான் நினைத்ததைவிடக் குறைவு. வி.ஆர். ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் 2009-இல் இரண்டு உணர்வுகளைப் பிரித்துச் சொன்னார். ‘நான் அங்கே இருக்கிறேன்’ என்பது ஒன்று, ‘அங்கே நடப்பது நிஜமாக நடக்கிறது’ என்பது மற்றொன்று. முதலாவது தலை திருப்பினால் படமும் சரியாகத் திரும்புவதிலிருந்து வருகிறது. இரண்டாவது, அந்த உலகம் நம்மைக் கவனித்துப் பதில் செய்வதிலிருந்து வருகிறது. முன்னோட்டத்துக்கு வந்த ஓர் ஆச்சி ஹெட்செட்டை மாட்டியதும், முகப்பைப் பார்த்துவிட்டு, “செருப்ப எங்க விடுறது தம்பி?” என்றார். அவர் அப்போது வெறுங்காலோடுதான் நின்றிருந்தார். அந்த முகப்பில் சுவர்ச் சித்திரம்கூட இன்னும் வரையப்படவில்லை.

இன்னொரு காட்சியும் கட்டாயம் கட்டுங்கள்: பேருந்து நிலையம் போன்ற பொது இடம். காரணத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்தப் பெரிய வீடுகளின் திண்ணை எல்லோருக்கும் ஒரே திண்ணையாக இருந்ததில்லை. யார் ஏறலாம், யார் தெருவோடு நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. ஒருவருக்குத் தாத்தா வீட்டு நினைவு தரும் முகப்பு, இன்னொருவருக்குத் தாத்தா உள்ளே போக முடியாத வீடாக இருக்கலாம். அவர் தள்ளி நிற்பதை ‘சமூகப் பதற்றம்’ என்று எழுதினால் அது ஆய்வு அல்ல. வீட்டுக் காட்சியில் தள்ளி நின்று, பேருந்து நிலையத்தில் இயல்பாக நெருங்குபவருக்கு அந்தத் தூரம் அவர் மனத்தில் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது. இரண்டு காட்சிகள் இல்லாமல் இதைப் பிரிக்க வழியே இல்லை.

ஐந்தாம் படி: அவதார்

மைக்ரோசாஃப்ட் ராக்கெட்பாக்ஸ் என்ற தொகுப்பில் 115 அவதார்கள் ஆய்வுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. எலும்பமைப்பும் அசைவுகளும் தயார். ஆனால் கோட்டு போட்டவர் முகப்பில் நின்றால் வீட்டுக்காரர் ஆக மாட்டார், வங்கி அதிகாரி ஆகிவிடுவார். கண்டாங்கிச் சேலை, வேட்டி துண்டு, சாதாரணச் சட்டை என உடையை மாற்ற ஒருவரைப் பிடியுங்கள். நல்ல வேலைக்காரர் கிடைக்க நாளாகும்.

உயரம் எல்லா அவதார்களுக்கும் ஒன்றாக இருக்கட்டும், அல்லது பங்கேற்பவரின் கண் மட்டத்துக்கு ஏற்ப மாறட்டும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அதை எழுதி வையுங்கள். சிலைபோல் நிற்கக் கூடாது. மூச்சு விட வேண்டும், கண் சிமிட்ட வேண்டும்.

நான் மாற்றிப் பார்த்தவை மூன்று. வயது: பங்கேற்பவரின் வயதை ஒட்டியவர், பெரியவர். பார்வை: தலையைத் திருப்பிப் பின்தொடர்ந்து பார்ப்பது, பக்கவாட்டில் எங்கோ பார்ப்பது. அழைப்பு: ‘வாங்க’ என்று சொல்வது, சும்மா இருப்பது. இந்த மூன்றாவதை வெளிநாட்டுக் கட்டுரை எதிலிருந்தும் எடுக்கவில்லை. நகரத்தார் வீட்டில் யார் வந்தாலும் ‘வாங்க’ என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அது பல வருடம் பேசப்படும் குறையாகிவிடும். அந்த ஒரு சொல் ஒரு எட்டுத் தூரத்துக்குச் சமம் என்பது என் எண்ணம். உள்ளூர்க் குரலிலேயே பதிவு செய்யுங்கள். மென்பொருள் குரல் ‘வாங்க’ என்பதை ஏலம் விடுவதுபோல் சொல்லும்.

பார்வையை மாற்றுவதற்கு முன்மாதிரி உண்டு. 2000களின் தொடக்கத்தில் ஜெரமி பெய்லன்சனும் ஜிம் பிளாஸ்கோவிச்சும் குழுவினரும் கலிஃபோர்னியாவில் செய்த சோதனைகளில், மெய்நிகர் மனிதரின் முன்பக்கம் போனவர்கள் பின்பக்கம் போனபோது விட்டதைவிட அதிக இடம் விட்டார்கள். வெறும் உருவத்துக்கே அந்த மரியாதை. அவர்கள் ‘எவ்வளவு கிட்டே போகிறீர்கள் என்று பார்க்கிறோம்’ என்று சொல்லவில்லை; உருவத்தின் சட்டையில் முன்னும் பின்னும் எழுதியிருந்ததைப் படித்து நினைவில் வைக்கச் சொன்னார்கள். அந்தத் தந்திரம் அடுத்த படிக்கு வேண்டும்.

ஆறாம் படி: செய்யச் சொல்லும் வேலை

‘தூரம்’ என்ற சொல்லையே எடுக்காதீர்கள். எடுத்த நொடியில் மனிதர்கள் நல்ல பிள்ளைகளாகி, தாங்கள் நிற்க வேண்டும் என்று நினைக்கும் இடத்தில் நிற்பார்கள்.

என் ஏற்பாடு இது. பங்கேற்பவர் அவதாரிலிருந்து 3 மீட்டர் தள்ளிக் கிளம்புகிறார். அவதாரின் கையில் ஒரு தூக்குச்சட்டி, அதில் சின்னதாக ஓர் எண். அதைப் படித்துச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். எழுத்தின் அளவு முக்கியம்: 2 மீட்டரிலிருந்தே தெளிவாகப் படிக்கும்படி இருக்கட்டும். அதைவிடக் கிட்டே போவது அவரவர் விருப்பம். எழுத்து சின்னதாக இருந்தால் எல்லோரையும் கண்பார்வைதான் நடத்தும், கூச்சம் அல்ல. என் முதல் முன்னோட்டம் முழுவதும் இந்தத் தவறில் போயிற்று.

வயது 2, பார்வை 2, அழைப்பு 2. பெருக்கினால் 8 வகை. ஒன்பதாவதாக ஆள் உயரத்துக்கு ஒரு தேக்குத் தூண். தூணுக்கு யாரும் கூச்சப்பட மாட்டார்கள் என்பதால் அதுதான் அடிப்படை அளவு. தூணுக்கு விடும் இடத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதே ‘மனிதருக்காக’ விட்ட இடம். ஒவ்வொன்றும் 3 முறை, ஆக 27 முயற்சிகள். ஒன்றுக்கு 20 நொடி என்றால் 9 நிமிடம். 9 முயற்சிக்கு ஒரு முறை ஹெட்செட்டைக் கழற்றி மோர் கொடுங்கள். வரிசையை ஒவ்வொருவருக்கும் குலுக்கிப் போடுங்கள். வீட்டுக் காட்சியும் பேருந்து நிலையமும் ஒரே நாளில் வேண்டாம். பாதிப் பேருக்கு இது முதலில், மீதிப் பேருக்கு அது முதலில்.

நேரம் மிஞ்சினால் திருப்பிப் போட்ட வடிவமும் செய்யலாம்: பங்கேற்பவர் நிற்க, அவதார் நடந்து வரும், போதும் என்று தோன்றும்போது பொத்தானை அழுத்த வேண்டும். அறிமுகமில்லாத ஆண் அவதார் ஒரு பெண்ணை நோக்கி நடந்து வரும் காட்சியை மட்டும் முன்கூட்டிச் சொல்லாமல் காட்டவே கூடாது.

ஏழாம் படி: எத்தனை பேர், என்னென்ன கேள்வி

ஒரே ஆளை இரண்டு நிலைகளில் ஒப்பிடும்போது, நடுத்தர அளவு வேறுபாட்டை (தர விலக்கத்தில், அதாவது எண்கள் சிதறிக் கிடக்கும் அளவில், பாதி: 0.5) 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க 34 பேர் வேண்டும். வேறுபாடு 0.4 என்றால் 52 பேர். 0.2 என்ற சிறிய வேறுபாட்டுக்கு 199 பேர். வயது, ஆண் பெண், கூச்ச அளவு என்று குழுக்களை ஒப்பிட ஆரம்பித்தால் இதைவிட அதிகம். கல்லூரி மாணவர்களை மட்டும் பிடித்துப் போடாதீர்கள். நமக்குக் கிடைக்கும் வேறுபாடே ஆச்சிக்கும் பேத்திக்கும் நடுவில்தான் இருக்கிறது.

சமூகப் பதற்றத்துக்கு லீபோவிட்ஸ் அளவுகோல் 24 கேள்விகள் கொண்டது. இன்னொரு சிறிய படிவத்தில் 17. மொழிபெயர்ப்பில் கவனம் தேவை. கூச்சம், தயக்கம், சங்கடம், பயம், படபடப்பு ஆகிய எல்லாம் தமிழில் வேறு வேறு. ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மொழிபெயர்க்க, இரண்டையும் ஒப்பிடுங்கள். இந்தப் படிவத்தை வி.ஆருக்கு முன் கொடுக்காதீர்கள். ‘இவர்கள் என் கூச்சத்தைத்தான் பார்க்கிறார்கள்’ என்று தெரிந்துவிடும். தலைசுற்றலுக்கு 1993-இல் கென்னடி குழு உருவாக்கிய 16 அறிகுறிகள் கொண்ட படிவம். அதை முன்னும் பின்னும் நிரப்பச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் கொடுத்தது கடைசியில் கேட்ட ஒரே கேள்வி: “அந்த ஐயா முன்னாடி அங்கே நின்னீங்களே, ஏன்?” பதிலை அவர் வாயால் சொன்னபடியே எழுதுங்கள்.

எட்டாம் படி: நடத்தும் நாள்

நெற்றியில் விபூதி, குங்குமம். தலையில் மல்லிகைப்பூ, கொண்டை. ஹெட்செட் செய்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க வாய்ப்பில்லை. விபூதி நுரைப் பட்டையில் இறங்கி லென்ஸுக்கும் போகும். அழிக்கச் சொல்லாதீர்கள், அது அவமதிப்பு. துடைக்கக்கூடிய சிலிக்கான் உறையும் ஒவ்வொருவருக்கும் புதிய துணிப் பட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கொண்டை போட்டவர்களுக்குப் பின்பட்டையைக் கொண்டைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் நிற்கும். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள். சானிடைசர் படக் கூடாது. பெண்களுக்கு மாட்டிவிடப் பெண் உதவியாளர் இருக்கட்டும்.

தோலின் வியர்வையை அளந்து பதற்றத்தைக் கணிக்கும் கருவி உங்களிடம் இருந்தால், சித்திரை மாதத்தில் காரைக்குடியில் அதை நம்பாதீர்கள். ஏ.சி. போட்டு அறை வெப்பத்தை ஒரே அளவில் வைத்தால் ஓரளவு உதவும். இதயத் துடிப்பும் நடந்தாலே ஏறும். தூணை நோக்கி நடந்தபோது எவ்வளவு ஏறியது என்பதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

உதவியாளர் எங்கே நிற்கிறார் என்பதும் கணக்கு. ஹெட்செட்டுக்குள் இருப்பவருக்கு அவர் தெரியாவிட்டாலும் அங்கே இருக்கிறார் என்பது தெரியும். எப்போதும் பின்னால், ஒரே இடத்தில், பேசாமல் நிற்கட்டும். பேசிவிட்டால் அந்த முயற்சியைக் குறித்துவைத்து நீக்குங்கள்.

ஒன்பதாம் படி: எண்களைப் பிரிப்பது

90 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 90 முறை) பதிவு செய்தால் நிமிடத்துக்கு 5,400 வரிகள் வரும். பயந்துவிடாதீர்கள். பைத்தான் அல்லது ஆர் என்ற நிரல்மொழி கைவசம் இருந்தால் ஒரு முயற்சியை ஐந்து எண்களாகச் சுருக்கிவிடலாம்.

குறைந்தபட்சத் தூரம் முதலாவது. தலைக்கும் அவதாரின் தலைக்கும் உள்ள தூரத்தைத் தரைமட்டத்தில் மட்டும் கணக்கிடுங்கள். உயர அச்சை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் குட்டையானவர்கள் எல்லோரும் காரணமில்லாமல் ‘தள்ளி நிற்பவர்கள்’ ஆகிவிடுவார்கள். இரண்டாவது, காட்சி தெரிந்ததிலிருந்து 10 செ.மீ. நகரும் வரை ஆன நேரம். மூன்றாவது, கடைசி ஒரு மீட்டரின் சராசரி வேகம். நான்காவது, நடந்த பாதையின் நீளத்தை நேர்கோட்டு நீளத்தால் வகுத்தது. 1 என்றால் நேராக வந்தார், கூடக் கூட வளைந்து வந்தார். ஐந்தாவது, தலை நோக்கும் திசைக்கும் அவதாரின் முகத்துக்கும் உள்ள கோணம். குனிந்து வணங்குபவரின் தலை கீழே போகும், ஒதுங்குபவரின் தலை பக்கவாட்டில் போகும். ஆகவே மேல்கீழ்க் கோணத்தையும் இடவலக் கோணத்தையும் தனித்தனியாக எடுங்கள். மரியாதையும் பயமும் எனக்கு முதலில் பிரிந்து தெரிந்தது இந்த இரண்டு கோணங்களில்தான்.

நடக்கும்போது தலை ஆடும் என்பதால், வேகம் கணக்கிடும் முன் இடத்தரவின் சிறு ஏற்ற இறக்கங்களை லேசாகச் சமன்படுத்துங்கள்.

ஒவ்வொருவரும் 27 முறை நடந்திருக்கிறார். 40 பேர் இருந்தால் 1,080 வரிகள். ஆனால் அவை 1,080 தனி மனிதர்கள் அல்ல. ஒவ்வொரு வரியையும் தனி ஆளாக எடுத்துக்கொள்ளும் சாதாரண டி-சோதனையில் போட்டு அடிக்காதீர்கள். ஆளுக்கு ஆள் தொடக்கமும் சாய்வும் மாறலாம் என்று அனுமதிக்கும் கலப்பு மாதிரியைப் பயன்படுத்துங்கள். எத்தனை முயற்சி கெட்டால் ஒருவரை நீக்குவது, டிராக்கிங் எத்தனை செ.மீ. குதித்தால் அந்த முயற்சி செல்லாது என்பவை முதல் படியில் எழுதிய தாளிலேயே இருக்க வேண்டும்.

பிறகு அந்த ஒற்றைக் கேள்வியின் பதில்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, எண்களைப் பார்க்காமல், ‘மரியாதை’, ‘கூச்சம்’, ‘பயம்’, ‘வேலை முடிந்தது, அதனால் நின்றேன்’ என்று வகைப்படுத்தட்டும். அப்புறம் ஐந்து எண்களோடு சேர்த்துப் பாருங்கள். 180 செ.மீ. தள்ளி நின்ற இரண்டு பேரில் ஒருவர், “பெரியவங்க முன்னாடி அப்படித்தான் நிக்கணும்” என்கிறார். இன்னொருவர், “அவரு என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு, பிடிக்கல” என்கிறார். அட்டவணையில் தூரத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் இந்த வாக்கியங்களையும் சேர்த்தே அச்சிடுங்கள்.